இன்ஜின் இறக்கிய 520டி

ஆறு வாரங்களாக ஒரு பழைய பி.எம்.டபிள்யூ. 520டி காரை வாங்குவதா, விடுவதா என்று யோசித்துக்கொண்டிருந்தேன். 2010 டிசம்பரில் தயாராகி, 2011 பிப்ரவரியில் சென்னையில் பதிவான வண்டி. இதுவரை 1,18,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. புதிதாக எடுத்தபோது நாற்பது லட்சத்துக்கு மேல் கொடுத்திருக்கிறார்கள். இப்போது கேட்ட விலை ஆறே முக்கால் லட்சம். விலை இவ்வளவு இறங்கியதற்கு இரண்டு காரணங்களைப் புரோக்கரே சொல்லிவிட்டார். ஒன்று, 2026 பிப்ரவரியோடு ஆர்.சி.யின் பதினைந்து ஆண்டுகள் முடிகின்றன. மற்றொன்று, ஒருமுறை இன்ஜினை இறக்கி வேலை பார்த்திருக்கிறார்கள்.

என்ன வேலை என்று கேட்டதற்கு, "டைமிங் செயின் சார், இந்த மாடல்ல எல்லாத்துக்கும் வர்றதுதான்" என்றார். நம்பும்படியான பதில்தான். இந்த வண்டியில் இருப்பது என்47 என்ற இரண்டு லிட்டர் டீசல் இன்ஜின். 2007 முதல் 2011 தொடக்கம் வரை தயாரான என்47 இன்ஜின்களில், வால்வுகளைச் சரியான நேரத்தில் திறந்து மூடவைக்கும் டைமிங் செயினும் அதைத் தாங்கும் பிளாஸ்டிக் கைடுகளும் காலத்துக்கு முன்பே தேய்வது உலகம் முழுவதும் பேசப்பட்ட விஷயம். பெரும்பாலான கார்களில் செயின் இன்ஜினின் முன்பக்கம் இருக்கும். இதில் பின்பக்கம், கியர்பாக்ஸை ஒட்டி வைத்திருக்கிறார்கள். ஆகவே சில ஆயிரம் ரூபாய் பெறுமானமுள்ள செயினை மாற்றுவதற்கே இன்ஜினையோ கியர்பாக்ஸையோ இறக்கியாக வேண்டும். கவனிக்காமல் விட்டுச் செயின் அறுந்தால் வால்வுகள் பிஸ்டனில் மோதி இன்ஜின் அத்தோடு முடிந்துவிடும். 2010 டிசம்பர் தயாரிப்பு என்பது அந்தக் காலகட்டத்தின் கடைசிப் பகுதி. பதிவான ஆண்டை மட்டும் பார்த்திருந்தால் இது எனக்குத் தெரிந்திருக்காது. தயாரிப்பு மாதமும் ஆர்.சி.யில் இருக்கிறது, அதைத்தான் பார்க்க வேண்டும்.

ஆனாலும் "இன்ஜின் வேலை" என்ற சொல்லுக்கு விலை பேச எனக்கு மனமில்லை. பில் வேண்டும் என்றேன். புரோக்கர் ஒரு வாரம் இழுத்தடித்துவிட்டு, பிறகு கைப்பேசியில் மூன்று பக்கங்களை அனுப்பினார். தேதி 2016 ஜனவரி. அப்போது வண்டி ஓடியிருந்தது 51,000 கிலோமீட்டர். பட்டியலில் செயின், கைடுகள், டென்ஷனர் எல்லாம் இருந்தன. அவற்றோடு பிஸ்டனைக் கிராங்க் என்ற சுழலும் தண்டோடு இணைக்கும் கனெக்டிங் ராடுகள் இரண்டு, இரண்டு பிஸ்டன்கள், பேரிங் செட், ஏர் ஃபில்டர், ஹெட் கேஸ்கட் ஆகியவையும் இருந்தன.

எங்கள் குடும்ப வண்டிகளை இருபது ஆண்டுகளாகப் பார்த்துவரும் மெக்கானிக்கிடம் அதைக் காட்டினேன். அவர் இரண்டாவது பக்கத்தைத் தாண்டவே இல்லை. "சார், செயின் போன வண்டில ராடு ஏன் சார் வளையுது? இது தண்ணி குடிச்ச வண்டி" என்றார்.

அவர் சொன்னதன் பொருளை விளக்கியாக வேண்டும். டீசல் இன்ஜின் காற்றைச் சுமார் பதினாறு மடங்கு அமுக்குகிறது. இரண்டு லிட்டர், நான்கு சிலிண்டர் என்றால் ஒரு சிலிண்டருக்கு அரை லிட்டர். பிஸ்டன் உச்சிக்கு வரும்போது மிஞ்சும் இடம் முப்பது மில்லிலிட்டர் சொச்சம்தான். காற்று போகும் வழியில் நுழையும் தண்ணீர், இருமல் மருந்து மூடியால் மூன்று மூடி இருந்தாலே அந்த இடத்தை நிரப்பிவிடும். காற்று அமுங்கும், தண்ணீர் அமுங்காது. பிஸ்டன் நடுவழியில் நிற்க, கிராங்க் சுழன்றுகொண்டே இருக்க, இடையில் மாட்டிக்கொள்ளும் ராடு வளைகிறது. 2015 டிசம்பர் முதல் தேதி பெய்த மழையும், செம்பரம்பாக்கத்திலிருந்து நொடிக்கு 29,000 கனஅடி வரை திறக்கப்பட்ட நீரும், கரைதாண்டிய அடையாறும் சென்னையில் எத்தனையோ வண்டிகளுக்குச் செய்தது இதைத்தான். அடுத்த மாதத் தேதியிட்ட பில்லில் ராடும் பிஸ்டனும் இருந்தால் வேறு விளக்கம் தேட வேண்டியதில்லை.

அன்றே விட்டுவிட நினைத்தேன். வெள்ளத்தில் சிக்கிய கார் என்றாலே ஒதுங்கிப் போவது நல்ல விதிதான். பழுதுச் செலவு காப்பீட்டு மதிப்பில் 75 சதவீதத்தைத் தாண்டினால் முழு இழப்பு என்று தீர்த்துவிடுவார்கள். அப்படித் தீர்க்கப்பட்ட வண்டிகள் ஏலத்துக்குப் போய், வேறு ஊர்களில் துடைத்து மெருகேற்றப்பட்டு மறுபடியும் சந்தைக்கு வருகின்றன. ஆனால் மெக்கானிக் என்னை நிறுத்தினார். நின்ற இடத்தில் மூழ்கிய வண்டியும், தண்ணீருக்குள் ஓட்டிப்போய் நின்ற வண்டியும் ஒன்றல்ல என்பது அவர் வாதம். தரைக்கடியிலுள்ள பார்க்கிங்கில் மூழ்கிய வண்டியில் இன்ஜின் ஓடிக்கொண்டிருக்கவில்லை. யாரும் அவசரப்பட்டு ஸ்டார்ட் செய்யாவிட்டால் ராடு வளையாது. ஆனால் ஒயரிங், கணினிப் பெட்டிகள், இருக்கைக்கு அடியில் உள்ள இணைப்புகள் எல்லாம் நாள்கணக்கில் ஊறி, ஆண்டுகள் கழித்து ஒவ்வொன்றாக உயிரை விடும். ஓட்டிப்போன வண்டியில் சேதம் இன்ஜினுக்குத்தான். உள்ளே கால் நனையும் அளவுக்குமேல் தண்ணீர் ஏறாமலே இருந்திருக்கலாம். நம் பில்லில் ராடு இருக்கிறது. ஒரு மின்னணுப் பாகம்கூட இல்லை. எனவே ஆளைப் பார்த்துக் கேளுங்கள் என்றார்.

புரோக்கரை விட்டுவிட்டு உரிமையாளரைச் சந்தித்தேன். எழுபதை நெருங்கும் மனிதர். இந்த வண்டியின் முதல் உரிமையாளரும் அவரே. நான் கேட்கும் முன்பே அவராகச் சொன்னார். அன்று இரவு ஈக்காட்டுத்தாங்கல் அருகே முன்னால் போன பேருந்தைத் தொடர்ந்து தண்ணீருக்குள் இறங்கியிருக்கிறார். பாதியில் இன்ஜின் நின்றுவிட்டது. இரண்டு பேர் தள்ளி மேட்டில் ஏற்றியிருக்கிறார்கள். இன்ஜினுக்கென்று தனியாக எடுக்கும் கூடுதல் காப்பீடு அவரிடம் இல்லாததால், உள்பாகங்களுக்கு இழப்பீடு கிடைக்கவில்லை. நான்கு லட்சத்து முப்பதாயிரம் கைக்காசு. இன்ஜின் எப்படியும் வெளியே வந்துவிட்டது என்பதால் செயினையும் மாற்றச் சொன்னதாகக் கூறினார். அந்த ஒரு முடிவுக்காகவே எனக்கு அவர்மேல் மதிப்பு வந்தது. புரோக்கர் சொன்னதில் செயின் உண்மை, மறைக்கப்பட்டது தண்ணீர்.

இதன்பின் என் கணக்கு மாறியது. பழுது பார்த்த பிறகு இந்த இன்ஜின் 67,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. போன மாதம் இன்ஜின் வேலை முடித்து, "எல்லாம் புதுசு" என்று விற்பனைக்கு வரும் வண்டியைவிட இதை நான் அதிகம் நம்புகிறேன். அங்கே பழுது பார்த்தவரின் கைத்திறனை நாம்தான் நம் பணத்தில் சோதிக்க வேண்டியிருக்கும். இங்கே அந்தச் சோதனையை ஏற்கெனவே ஒருவர் ஒன்பது ஆண்டுகள் செய்து முடித்திருக்கிறார்.

சோதனைகளை ஒரு ஞாயிறு காலை செய்தோம். நாங்கள் வரும்வரை ஸ்டார்ட் செய்ய வேண்டாம் என்று கேட்டுக்கொண்டிருந்தேன். பானெட்டைத் தொட்டுப் பார்த்தபோது குளிர்ந்தே இருந்தது. செயின் தேய்ந்திருந்தால் குளிர்ந்த இன்ஜினில், நிமிடத்துக்கு 1,500 முதல் 2,000 சுற்றுகளுக்குள், பின்பக்கத்திலிருந்து உரசும் ஓசை கேட்கும், கேட்கவில்லை. சீட் பெல்ட்டுகளைக் கடைசிவரை இழுத்துப் பார்த்தோம். மூழ்கிய வண்டியில் துவைத்தாலும் போகாத சேற்றுக் கோடு அங்கேதான் தங்கும், இதில் இல்லை. கார்பெட்டுக்கு அடியிலும், பேட்டரி இருக்கும் டிக்கியின் அடியிலும் துருவோ வண்டலோ இல்லை. ஓட்டுநர் பக்கம் ஒரு போல்ட்டில் மட்டும் லேசான துரு. இன்ஜின் எண் ஆர்.சி.யில் உள்ளதோடு பொருந்தியது. வளைந்த ராடு ஒன்று கவனிக்காமல் விடப்பட்டிருந்தால் அந்த பிஸ்டன் முழு உயரத்துக்கு ஏறாது, காற்றை அமுக்கும் அழுத்தம், அதாவது கம்ப்ரெஷன், குறையும்; நான்கு சிலிண்டர்களும் ஏறத்தாழ ஒரே அளவைக் காட்டின.

எஞ்சியது ஒரே ஐயம். பேரிங் மாற்றியதற்குப் பில்லில் பதிவு இருக்கிறது. கிராங்கை அளந்து பார்த்ததற்கு இல்லை. கிராங்கில் குறை இருந்தால் பேரிங் மெல்ல அரைபட்டு, உலோகத் துகள் ஆயிலில் கலக்கும். என் செலவில் ஆயில் மாற்றித் தருகிறேன், பழைய ஃபில்டரை மட்டும் எனக்குக் கொடுங்கள் என்று உரிமையாளரிடம் கேட்டேன். மெக்கானிக் அந்தக் காகித மடிப்புகளை வெட்டி விரித்து, வெயிலில் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தார். கரி இருந்தது; மினுக்கம் இல்லை.

மற்றவை பணக்கணக்கு. ஆர்.சி.யைப் புதுப்பிக்க வண்டியை ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் காட்ட வேண்டும், பசுமை வரி கட்ட வேண்டும். தேறினால் ஐந்து ஆண்டுகள். டயர்கள் மாற்றும் நிலையில் உள்ளன, கியர்பாக்ஸ் ஆயிலும் மாற்ற வேண்டும். வண்டியின் விலை இறங்கியதே தவிர பாகங்களின் விலை இறங்கவில்லை; பிரேக் டிஸ்க் ஒன்றுக்கும் இன்னமும் சொகுசு காரின் விலைதான். ஆகையால் இரண்டு லட்சத்தைத் தனியே எடுத்து வைக்க முடியாதவராக இருந்திருந்தால், இத்தனை சோதனைக்குப் பிறகும் நான் விலகியிருப்பேன்.

ஐந்தே முக்கால் சொன்னேன். ஆறு லட்சத்தில் முடிந்தது. இருபத்தைந்தாயிரம் முன்பணம் கொடுத்திருக்கிறேன், மீதி ஆர்.சி. என் பெயருக்கு மாறும் நாளில். சாவிகளோடு 2016 ஜனவரி பில்லின் அசலையும் கேட்டிருக்கிறேன். என்றாவது நான் இந்த வண்டியை விற்க நேர்ந்தால், வாங்க வருபவரிடம் முதலில் காட்ட வேண்டியது அதுதான்.