சவுனா வருவதற்கு முன் நிலம்

ரொறன்ரோவின் ஸ்காபரோவில் எங்கள் பின்வளவில் பீப்பாய் வடிவச் சவுனா (சூட்டில் இருந்து வியர்க்கும் மர அறை) ஒன்று வைத்திருக்கிறோம். பலகைகளைப் பூட்டி நிமிர்த்த ஒரு வார இறுதி போதும். முதுகு முறிந்தது நிலத்தைத் தயார்படுத்தியதில்தான்.

மனைவிக்கு விருப்பம் வேலியோர மேப்பிள் மரத்தடி. ஆனால் ஏப்ரலில் பனி உருகும்போது பார்த்தால், வளவெல்லாம் காய்ந்த பிறகும் அந்த மூலையில் தண்ணீர் நின்றது. எங்கள் வளவு களிமண். அது தண்ணீரை விடாது. குளிரில் தண்ணீர் உறைந்து பருத்து மேலே இருப்பதைத் தூக்கும். ஒரு பக்கம் கொஞ்சம் எழும்பினாலே சவுனாக் கதவு இறுகிவிடும். ரொறன்ரோவில் நிலம் 4 அடி வரை உறையும் என்று வைத்துத்தான் வீட்டுக்கு அத்திவாரம் போடுகிறார்கள். சவுனாவுக்கு அவ்வளவு ஆழம் தேவையில்லை, அடியில் தண்ணீர் தேங்காவிட்டால் சரி. அதனால் வீட்டுப் பக்கமாக, மேடான இடத்துக்கு மாற்றினோம். வேலியிலிருந்து எவ்வளவு தள்ளியிருக்க வேண்டும், அனுமதி வேண்டுமா என்பதை நகரசபையில் முதலே கேட்டுவிடுங்கள். ஊருக்கு ஊர் விதி வேறு.

மண்வெட்டியைத் தொட முன் ஒன்ராறியோ வன் கோலுக்கு அறிவிக்க வேண்டும். நிலத்துக்கடியில் போகும் குழாய்களையும் கம்பிகளையும் குறித்துத் தர ஏற்பாடு செய்யும் சேவை அது. இலவசம், சட்டப்படி கட்டாயமும்கூட. புல்லில் நிறக் கோடு போட்டுத் தருவார்கள்: மஞ்சள் காஸ், சிவப்பு மின்சாரம், செம்மஞ்சள் தொலைபேசி. ஆனால் காஸ் மீற்றரிலிருந்து பார்பிகியூ அடுப்புக்கு நீங்களே இழுத்த குழாயை அவர்கள் குறிக்கமாட்டார்கள். அதற்குத் தனியார் ஒருவரைப் பிடிக்க வேண்டும். கோட்டுக்கு 1 மீற்றருக்குள் இயந்திரம் விடாமல் கையாலேயே தோண்டினோம்.

சவுனாவின் அடித்தளம் 10க்கு 10 அடி. மூலைகளுக்கு நூல் பிடித்து, 3-4-5 அளவு முக்கோணம் வைத்து மூலை செங்கோணமா என்று பார்த்தோம். மட்டத்துக்குத் தண்ணீர் நிரப்பிய ஒளிபுகும் குழாய், ஊரில் மேசன்மார் பிடிப்பதுதான். ஒரு நுனி இந்த முளைக்கம்பில், மறு நுனி அந்த முளைக்கம்பில். குழாய்க்குள் காற்றுக்குமிழ் இருந்தால் பொய் சொல்லும், தட்டி வெளியேற்ற வேண்டும்.

இனித்தான் முக்கியமான விஷயம். "சல்லி போட்டால் தண்ணி வடிஞ்சிடும்" என்று எல்லோரும் சொல்வார்கள். எங்கே வடியும்? களிமண்ணில் குழி வெட்டிச் சல்லி நிரப்பினால், சல்லி நிறைந்த குளம்தான் மிச்சம். மழையெல்லாம் அதற்குள் வந்து நிற்கும், பிறகு உறையும். அதனால் ஆழமாக வெட்டாமல் புல்லையும் மேல்மண்ணையும் மட்டும் எடுத்தோம். குழியின் அடியை ஒரு பக்கமாகச் சரித்து, தாழ்ந்த கரையில் துளைக் குழாய் வைத்து, எங்கள் வளவின் பள்ளத்துக்கே விட்டோம். அயலவர் பக்கம் விட்டால் சண்டை வரும். மேலே மண்ணும் கல்லும் கலக்காமல் தடுக்கும் துணி விரித்து, மரச்சட்டம் அடித்து, தூளில்லாத முக்கால் அங்குல உடைகல் 6 அங்குல உயரத்துக்கு. ஏறக்குறைய 2 கன யார்ட் பிடித்தது. அழகுக்கு உருண்டைக் கல் வாங்கவேண்டாம். உடைகல் ஒன்றோடொன்று கொழுவி நிற்கும், உருண்டை உருளும். பாதி உயரத்தில் ஒருமுறை, முழு உயரத்தில் ஒருமுறை என்று வாடகை இயந்திரத்தால் இடித்து இறுக்கினோம். வீட்டுக்கும் வேலிக்கும் நடுவே 3 அடி ஒழுங்கைதான். கல்லெல்லாம் தள்ளுவண்டியில்தான் போனது.

மின்சாரத்துக்கு உரிமம் உள்ளவரையே பிடித்தோம். வந்தவர் முதலில் வீட்டின் மின்விநியோகப் பெட்டியைப் பற்றித்தான் கேட்டார்: "அண்ணை, வீட்டு பனல் எத்தனை அம்பியர்?" 8 கிலோவாற் சவுனா அடுப்பு 240 வோல்ற்றில் 33 அம்பியர் இழுக்கும். 100 அம்பியர் பனலில் மின்கார் சார்ஜரும் இருந்தால் இடம் காணாது. சுமைக் கணக்குப் பார்க்காமல் அடுப்பை வாங்கிவிடாதீர்கள். மின்கம்பி போகும் பிவிசி குழாய்க்கு 18 அங்குல ஆழத்தில் கால்வாய் வெட்டி, மின்பாதுகாப்பு அதிகார சபைக்கு அவரே அறிவித்தார். அவர்கள் பார்த்துச் சரி சொல்லும்வரை மூடக்கூடாது என்பதால், பிள்ளைகள் விழாமல் மேலே பழைய ஒட்டுப்பலகைகளைப் போட்டு வைத்தேன். பிறகு பாதி மண், எச்சரிக்கை நாடா, மீதி மண்.