பாய்லர் புகைகிறது

டிசம்பர் 13, 2025, சனி

பாய்லர் பட்டறையிலிருந்து வந்துவிட்டது. விறகு எரித்து வெந்நீர் போடும் அம்மா காலத்துத் தாமிரப் பாய்லர். பெங்களூர் அல்சூருக்கு நாங்கள் குடிவந்தபோது கூடவே வந்தது. அடியில் நீர் கசிந்ததால் சிக்பேட்டைப் பக்கம் பற்றவைக்கக் கொடுத்திருந்தேன். நெருப்பைத் தாங்கி, சாம்பலைக் கீழே விடும் சல்லடையையும் கழற்றித் துரு தேய்த்து மாட்டியிருக்கிறார்கள். மார்கழி பிறக்க இன்னும் மூன்று நாள். "கீசர் இருக்கும்போது இது எதற்கு அப்பா?" என்கிறான் மகன்.

டிசம்பர் 14, ஞாயிறு

முதலில் தண்ணீர், பிறகு நெருப்பு. அம்மா இதைத் தினமும் சொல்வாள், காரணம் சொன்னதில்லை. கசிவை அடைத்த வெள்ளீயம் 232 டிகிரியிலேயே உருகிவிடும். சுற்றிலும் தண்ணீர் இருக்கும் வரை பற்றவைத்த இடத்துக்கு அந்தச் சூடு வராது.

கொட்டாங்கச்சி முதல் தீக்குச்சியிலேயே பிடித்தது. பத்து நிமிடம் நன்றாக எரிந்த பிறகு விறகு வாய் வழியாகப் புகை பின்வாங்கியது. தீ மங்கி, கொட்டாங்கச்சி பாதி கருகி நின்றது. "குளியலறையா, செங்கல் சூளையா?" என்று மனைவி இருமிக்கொண்டே கேட்டாள்.

டிசம்பர் 15, திங்கள்

கொட்டாங்கச்சியை ஒடித்துப் பார்த்தேன். படீரென்று ஒடிந்தது, ஈரமில்லை. அடுத்த சந்தேகம் புகைபோக்கி. குழாயைக் கழற்றி மொட்டைமாடியில் தட்டியதில் அரைத் தம்ளர் கரி வந்தது. ஒரு முனையில் கண்ணாடியைப் பிடித்துப் பார்த்தால் வட்டமாக வானம் தெரிந்தது. புறாக்கூடு எதுவும் இல்லை. இணைப்புகளுக்குக் களிமண்ணும் சாம்பலும் குழைத்துப் பூசினேன். குளிர்ந்த குழாயில் கனத்த காற்று தங்கி அடைத்துக்கொள்ளும் என்பதால், செய்தித்தாளைக் கொளுத்தி முதலில் குழாயைச் சூடாக்கினேன்.

பத்து நிமிடம் அருமை. பிறகு அதே புகை. சட்டையெல்லாம் கரி.

மாலையில் மனைவிக்குத் தலை பாரமாக இருந்தது. எனக்குப் பயம் வந்துவிட்டது. புகையாவது கண்ணுக்குத் தெரியும். கார்பன் மோனாக்சைடு தெரியாது, நாறவும் செய்யாது. கதவு, ஜன்னல் எல்லாம் திறந்து நெருப்பை வாரி வெளியே போட்டேன். காற்று பட்டதும் அவளுக்குச் சரியாகிவிட்டது. இனிப் பழுது தீரும் வரை பகலில், கதவைத் திறந்துவைத்து, நான் மட்டும் பக்கத்தில் இருக்கும்போதுதான் சோதனை.

டிசம்பர் 16, செவ்வாய்

மார்கழி முதல் நாள். கீசர் தண்ணீரில் குளித்தேன். மகன் ஒன்றும் சொல்லவில்லை, சிரித்தான்.

காப்பி குடிக்கும்போதுதான் உறைத்தது. புகைபோக்கி அடைத்திருந்தால் முதல் தீக்குச்சிக்கே புகைந்திருக்க வேண்டும். இங்கே பத்து நிமிடம் ஆகிறது. அதற்குள் அடுப்பில் புதிதாகச் சேர்வது என்ன? சாம்பல்!

மறுபடி பற்றவைத்தேன். நன்றாக எரிந்தபோது ஊதுபத்தியைச் சாம்பல் வாயருகே பிடித்தால் புகைக்கோடு உள்ளே ஓடியது. தீ மங்கியதும் அதே கோடு அசையாமல் மேலே எழுந்தது. கம்பியால் சல்லடையைக் கீழிருந்து குத்தினேன். சாம்பல் கொட்டியது, குப்பென்று தீ எழுந்தது. கொஞ்ச நேரத்தில் மறுபடி அடைப்பு.

ஆறியபின் சல்லடையைக் கழற்றி வெளிச்சத்தில் பார்த்தேன். வார்ப்பிரும்புச் சட்டங்கள் ஒரு பக்கம் தடித்தும் மறுபக்கம் மெலிந்தும் இருக்கின்றன. தடித்த பக்கம் மேலே இருந்தால் இடைவெளி கீழே போகப் போக அகலும். உள்ளே நுழைந்த சாம்பல் தானே விழுந்துவிடும். பட்டறையில் தலைகீழாக மாட்டியிருக்கிறார்கள். வாய் அகன்று அடி குறுகிய இடுக்கில் சாம்பல் ஆப்பு மாதிரி இறுகிக்கொள்கிறது. இத்தனை வருடம் அதன்மேல் நெருப்பு மூட்டியும் இதை நான் கவனித்ததில்லை.

டிசம்பர் 17, புதன்

புரட்டிப் போட்டேன். நாற்பது நிமிடம் எரிந்தது, சொட்டுப் புகையில்லை. புனலில் ஒரு குடம் பச்சைத் தண்ணீர் ஊற்ற, குழாயில் ஆவி பறக்க வெந்நீர் வந்தது.

பட்டறைக்கு போன் செய்தேன். "சல்லடைக்கு மேல், கீழ் எல்லாம் உண்டா சார்?" என்றார் அங்கிருந்தவர். எடுத்துச் சொன்னேன், உச்சுக்கொட்டினார். அடுத்த முறைக்காகச் சல்லடையின் ஓரத்தில் அரத்தால் ஒரு கோடு கீறிவைத்திருக்கிறேன்.

துண்டோடு போனால் குளியலறை உள்ளே தாழிட்டிருக்கிறது. மகன் குளிக்கிறான். மூன்றாவது குடத்துக்குக் குரல் கொடுக்கிறான்.