சிபிலிஸ் ஊசிக்குப் பிறகு: 1:32-லிருந்து 1:2 வரை

உள்ளங்கையிலும் பாதத்திலும் அரிப்பே இல்லாத சிவப்புத் தடிப்புகள் வந்தபோதுதான் எனக்கு சிபிலிஸ் என்று தெரிந்தது. அரசு மருத்துவமனையின் பால்வினை நோய்ப் பிரிவில் பென்சத்தீன் பெனிசிலின் 24 லட்சம் யூனிட்டை இரண்டாகப் பிரித்து, இடுப்பின் இரு பக்கமும் போட்டார்கள். கெட்டியான மருந்து, இறங்கும்போது நல்ல வலி. இரவில் குளிர்காய்ச்சல் வந்தது. கிருமிகள் மொத்தமாகச் சாகும்போது அப்படி வரலாம் என்று டாக்டர் முன்பே சொல்லியிருந்ததால் பயப்படவில்லை. மனைவிக்கும் சோதித்து ஊசி போட்டார்கள்.

ஊசி ஒரே நாளில் முடிந்தது. அது வேலை செய்ததா என்று தெரியத்தான் மாதக்கணக்கில் ஆனது.

ஊசி போட்ட அன்று எடுத்த வி.டி.ஆர்.எல். என்ற சிபிலிஸ் ரத்தப் பரிசோதனையில் வந்த எண் 1:32. அதற்கு என்ன அர்த்தம் என்று லேபில் இருந்த அக்காதான் விளக்கினார். ரத்தத்திலிருந்து பிரித்த சீரத்தை உப்புநீர் விட்டு 2, 4, 8, 16, 32 மடங்கு என்று நீர்க்கச் செய்துகொண்டே போவார்களாம். கடைசியாக எந்த மடங்கு வரை, அதில் சேர்க்கும் சோதனை மருந்தின் துகள்கள் திரள்கின்றனவோ அதுதான் ரிப்போர்ட்டில் வரும் எண். "ஒரு படி ஏறினாலும் இறங்கினாலும் கண்டுக்காதீங்க தம்பி, அது டெஸ்ட்லயே வர்ற வித்தியாசம். ரெண்டு படி இறங்கணும், 32 எட்டாகணும்" என்றார்.

மூன்றாம் மாதம் 1:16. அந்த வார்த்தை நினைவில் இருந்ததால்தான் அன்று தூங்க முடிந்தது. ஆறாம் மாதம் 1:8, ஒரு வருடத்தில் 1:2. எல்லாமே அதே லேப், அதே வி.டி.ஆர்.எல். ஆர்.பி.ஆர். என்று இன்னொரு டெஸ்ட் உண்டு, இரண்டின் எண்களையும் ஒப்பிடக் கூடாது.

அப்புறமும் 1:2-லேயே நிற்கிறது. நன்றாகக் குணமான சிலருக்கும் இப்படிக் கொஞ்சம் தங்கிவிடுமாம். 1:8-க்கு ஏறினால்தான் புதிதாகத் தொற்றியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

வேலைக்கான மருத்துவப் பரிசோதனையில் டி.பி.ஹெச்.ஏ. என்ற வேறொரு சிபிலிஸ் ரத்த டெஸ்ட் பாசிட்டிவ் என்று வந்ததும், நோய் இன்னும் இருக்கிறது என்று சொல்லிவிட்டார்கள். மனசு உடைந்துபோனது. சிகிச்சை முடிந்தாலும் அந்த டெஸ்ட் பெரும்பாலும் ஆயுளுக்கும் பாசிட்டிவாகவே இருக்கும். ஊசி போட்ட தேதி, மருந்தளவு, ஒவ்வொரு வி.டி.ஆர்.எல். எண் எல்லாம் எழுதிய மருத்துவமனைச் சீட்டைக் காட்டிய பிறகுதான் ஒத்துக்கொண்டார்கள். உங்களுக்கும் அப்படி ஒரு சீட்டைக் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.