அசையாத சரக்கு

எங்கள் மெஷின் ஷாப்பில் வேண்டாததை அகற்றி இடத்தை ஒழுங்காக வைக்கும் 5எஸ் முறையைத் தொடங்கிய வருஷம், ஸ்டோரில் இரண்டு வருஷமாக யாரும் தொடாத பொருள் எல்லாவற்றிலும், அகற்ற வேண்டியது என்று சிவப்பு அட்டை கட்டினோம். நானும் சேர்ந்துதான் கட்டினேன். அதில் ஒன்று, கம்ப்யூட்டர் வழி ஓடும் ஒரு சிஎன்சி மெஷினுக்காக மரப்பெட்டியில் வைத்திருந்த ஸ்பேர் ஸ்பிண்டில், அதாவது மெஷினின் முக்கியமான சுழலும் தண்டு. லட்சக்கணக்கில் பணம் முடங்கிக் கிடக்கிறது என்று கணக்குக் காட்டி அதை விற்றும்விட்டோம்.

ஆறு மாதம்கூட ஆகவில்லை. ஒரு நைட் ஷிஃப்டில் அந்த மெஷினின் ஸ்பிண்டில் ஊளையிட ஆரம்பித்தது, பிரித்துப் பார்த்தால் கூலன்ட் உள்ளே இறங்கி பேரிங் போயிருந்தது. புதுசு ஜப்பானிலிருந்து வர ஏழு வாரம் என்றார்கள். அதுவரை வெளியே ஜாப் வொர்க் கொடுத்து, ஞாயிற்றுக்கிழமையும் ஆட்களை வரவைத்து ஓட்டினோம்.

டொயோட்டாவின் டாயிச்சி ஓனோ சொன்ன ஏழு விரயங்களில் சரக்குத் தேக்கமும் ஒன்றுதான், மறுக்கவில்லை. ஆனால் இரண்டு மெஷினுக்கு நடுவே குவிந்து கிடக்கும் பாகமும் ஸ்பேர் ஸ்பிண்டிலும் ஒன்றல்ல. கையிருப்பைக் குறைக்கக் குறைக்க, ஒரு மெஷின் நின்றால் அடுத்ததும் உடனே நிற்கும். டொயோட்டாவுக்குப் பாகம் செய்து தந்த நிப்பான்டென்சோவில்தான் 1971 வாக்கில், மெஷின் பழுதாகி நிற்காமல் எல்லோரும் சேர்ந்து பராமரிக்கும் டிபிஎம் முறை உருவானது என்பதை நினைத்துப் பாருங்கள். ஸ்பேரைப் பார்த்து ‘கடைசியாக எப்போது எடுத்தோம்’ என்று கேட்கக் கூடாது. இது போனால் லைன் நிற்குமா, வாங்க எத்தனை நாள் ஆகும், வேறு மெஷினில் அந்த வேலையை ஓட்ட முடியுமா என்றுதான் கேட்க வேண்டும்.

அதற்காகப் பராமரிப்பில் வீண் வேலையே இல்லை என்று சொல்ல மாட்டேன். நன்றாக ஓடும் பேரிங்கைத் தேதி வந்துவிட்டது என்பதற்காகவே கழற்றி மாற்றுவோம், மாட்டும்போது தூசியோ தப்பான டைட்டோ புகுந்து அடுத்த வாரமே தகராறு செய்யும். யுனைடெட் ஏர்லைன்ஸின் நௌலனும் ஹீப்பும் 1978-இல் தந்த அறிக்கையில், விமானப் பாகங்களில் சுமார் 11 சதவீதம்தான் வயதாக ஆக அதிகம் பழுதாகின்றன என்று காட்டினார்கள். அப்புறம் நாங்களும் அதிர்வை அளந்து பார்த்து, ஏறினால் மட்டும் திறக்கிறோம். அந்த வகையில் மிச்சமாகும் நேரம் நிஜமான மிச்சம்.

இப்போது ஃபிட்டர் கையெழுத்து இல்லாமல் எந்த ஸ்பேருக்கும் சிவப்பு அட்டை கிடையாது. புது ஸ்பிண்டிலுக்குப் பவர் பிரஸ்ஸிலிருந்து தள்ளி இடம் கேட்டு வாங்கியவரும் அவர்தான், சுற்றாமல் கிடக்கும் பேரிங்கில் அந்த அதிர்வே தழும்பு போட்டுவிடுமாம். மாதம் ஒருமுறை பெட்டியைத் திறந்து கையால் சுற்றிவிட்டு அட்டையில் தேதி எழுதுகிறார்.