கச்சான் மூடையில் எங்கே கை வைப்பது

மட்டக்களப்புப் படுவான்கரைப் பக்கத்துக் கச்சானை (நிலக்கடலையை), பூஞ்சணம் உண்டாக்கும் அஃப்ளாடொக்சின் என்ற நஞ்சுக்குப் பரிசோதிப்பது என்றதும் எல்லாரும் கருவியைத்தான் விசாரிப்பார்கள்: நிறமாற்றத்தால் அளக்கும் எலைசா கிட்டா, சேர்மங்களைப் பிரித்து அளக்கும் எச்.பி.எல்.சி. கருவியா? பிழை பெரும்பாலும் அதற்கு முன்பே, மாதிரி எடுக்கும் மூடையடியிலேயே நடந்து முடிந்திருக்கும்.

இந்த நஞ்சு மூடை முழுக்கப் பரவிக் கிடப்பதில்லை. பூஞ்சணம் பிடித்த சில பருப்புகளில் மட்டும் குவிந்திருக்கும். மிக மோசமான ஒரு பருப்பில் கிலோவுக்கு 10 இலட்சம் மைக்ரோகிராம் என்ற செறிவுகூட இருக்கலாம். அரைக் கிராம் எடையில் அப்படியொன்று 5 கிலோவில் விழுந்தால், முழுதையும் அரைத்துப் பார்க்கும்போது கிலோவுக்கு 100 மைக்ரோகிராம் வரும். பதப்படுத்தப் போகும் கச்சானுக்குச் சர்வதேச உணவு நியம அமைப்பான கோடெக்ஸ் வைத்த எல்லையோ கிலோவுக்கு 15 மைக்ரோகிராம். அந்தப் பருப்பு அள்ளிய பிடியில் அகப்படாவிட்டால் அறிக்கை சுத்தமாக வந்துவிடும். மேல்வாயில் ஒரு பிடி அள்ளி வருவதை மாதிரி என்று சொல்லவே மனம் வராது. பல மூடைகளின் மேல், நடு, அடியிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக எடுத்து 20 கிலோ சேர்க்க வேண்டும். அத்தனையையும் அரைத்துக் கலந்த பிறகே பங்கு பிரிக்கலாம். சம்மாந்துறை நெல்லில் கட்மியம் என்ற நச்சு உலோகத்தைப் பார்க்க இவ்வளவு பாடில்லை. அது பயிர் மண்ணிலிருந்து உறிஞ்சுவது, ஒரே வயல் நெல்லில் ஓரளவு சீராகவே இருக்கும்.

ஈரக் கச்சானைப் பொலித்தீனில் கட்டி அனுப்பினால் உள்ளே வியர்த்து, வழியிலேயே பூஞ்சணம் வளரும். துணிப்பை அல்லது கடதாசிப்பை நல்லது. அரைக்கும்போது சூடேறினால் எண்ணெய் கக்கிக் களியாகும். தண்ணீர் விட்டுக் கூழாக அடித்தால் சீராகக் கலக்கும்.

எலைசா கிட்டைக் குளிர்சாதனப் பெட்டியிலிருந்து எடுத்த கையோடு உறையைப் பிரிக்கக் கூடாது. மட்டக்களப்பு ஈரக்காற்றில், சோதனை நடக்கும் தட்டின் குழிகளுக்குள் நீர் கோர்த்துக்கொள்ளும். அறை வெப்பத்துக்கு வரும்வரை மூடியபடியே இருக்கட்டும். கடைசியில் வரும் மஞ்சள் நிறம் புதியவர்களைக் குழப்பும்: நிறம் கடுமையானால் நஞ்சு குறைவு, வெளிறினால் கூடுதல். வாசிப்பு கிட்டின் உச்ச நியமத்தை (கிட்டோடு வரும், செறிவு தெரிந்த கரைசல்களில் மிகக் கூடியதை) தாண்டினால், அந்த நியமங்களை வைத்து வரைந்த கோட்டை நீட்டிக் கணக்குப் போடாமல், சாற்றை ஐதாக்கி மறுபடி ஓட்ட வேண்டும்.

“வறுத்தாப் போகாதா?” என்று கேட்பார்கள். ஒரு பங்குதான் குறையும். சூம்பியது, நிறம் மாறியது, உடைந்தது எல்லாவற்றையும் கையால் பொறுக்கி நீக்குவதே அதைவிடப் பயன் தரும். ஆனால் பொறுக்கிய கழிவைச் செக்குக்குக் கொடுத்தால் நஞ்சில் பெரும்பங்கு பிண்ணாக்கில் தங்கும். அதைத் தின்ற மாட்டின் பாலில், அதே நஞ்சின் மாறிய வடிவமான அஃப்ளாடொக்சின் எம்1 ஆக வெளிவரும்.