தார்க்குச்சிக் கணக்கு

ஜூன் 28, வெள்ளி

பள்ளியில் பழைய வெண்கல மணியைக் கழற்றிவிட்டு மின்சார சைரன் வைத்திருக்கிறார்கள். மதியச் சாப்பாட்டுக்கு அது அலறியதும் நான் மேசைக்கு அடியில் போய்விட்டேன். போனது நினைவில்லை. வகுப்பு டீச்சரின் செருப்பு கண் முன்னால் தெரிந்தபோதுதான் எங்கே இருக்கிறேன் என்று புரிந்தது. பிளஸ் ஒன் படிக்கிற பெண் மேசைக்கு அடியில்.

டீச்சர் அம்மாவை வரச்சொல்லி, தனியாகக் கூப்பிட்டு 'ஆட்டிசமாக இருக்கலாம், ஒருமுறை காட்டிப் பாருங்க' என்றாராம். டவுன் பஸ் சேலம் ஐந்து ரோடு ஸ்டாப்பைத் தாண்டும்வரை அம்மா பேசவில்லை. அப்புறம் கேட்டாள்: "அது பேச்சு வராத குழந்தைங்களுக்குத்தான? நீ அந்த அட்டையப் பத்தி ஆரம்பிச்சா வாயே மூட மாட்டியே பாப்பா?"

அந்த அட்டை என்றால் ஜக்கார்டு அட்டை. அப்பா அம்மாபேட்டையில் வெண்பட்டு வேட்டி நெய்கிறார். கரையில் வரும் பூவெல்லாம் தறிக்கு மேலே தொங்கும் அட்டைகளில் ஓட்டையாக இருக்கிறது. ஓட்டை இருந்தால் அந்த இழை தூக்கும், இல்லாவிட்டால் கிடக்கும். குறுக்கு நூலைக் கொண்டுபோகும் நாடா ஒருமுறை ஓடினால் ஒரு அட்டை. கட்டம் போட்ட மூன்று நோட்டில் அத்தனை கரையையும் எழுதி வைத்திருக்கிறேன். யாராவது கேட்டால் இரண்டு மணி நேரம் சொல்வேன். கேட்காவிட்டாலும் சொல்வேன், அதுதான் பிரச்சினை.

ஜூலை 6, சனி

முதல் டாக்டர். காத்திருந்தது இரண்டரை மணி நேரம், உள்ளே இருந்தது ஏழு நிமிடம். "பத்தாவதுல நல்ல மார்க், கண்ணைப் பார்த்துப் பேசுறா. இது ஆம்பளப் பசங்களுக்கு வர்றது. வயசுக் கோளாறு, சரியாயிடும்." சத்து டானிக் ஒன்று எழுதிக் கொடுத்தார்.

நான் பார்த்தது அவர் கண்ணை இல்லை. இரண்டு புருவத்துக்கும் நடுவே சந்தனம் காய்ந்து மூன்றாக வெடித்திருந்தது, அதைத்தான். ஆறாம் வகுப்பில் 'பேசும்போது மூஞ்சியப் பாரு' என்று ஒரு டீச்சர் தலையில் கொட்டினதில் கற்றுக்கொண்ட வித்தை. சிரிப்பும் அப்படித்தான். பக்கத்தில் இருப்பவள் ஆரம்பித்து ஒரு நொடி கழித்து நானும் சேர்ந்துகொள்வேன், அவள் நிறுத்தியதும் நிறுத்துவேன். சாயங்காலம் வீட்டுக்கு வந்தால் நெற்றிப்பொட்டு விண்விண் என்று தெறிக்கும். இதையெல்லாம் அவரிடம் சொல்லியிருக்கலாம். ஏழு நிமிடத்தில் எனக்கு வார்த்தை வராது.

திரும்பும்போது அம்மா தட்டுவடை செட் வாங்கித் தந்தாள். எல்லாருக்கும் அடுக்கித் தருவது எனக்கு மட்டும் தட்டுவடை தனி, பீட்ரூட் துருவல் தனி, சட்னி தனி. கடைக்கார அண்ணனுக்கு என்னைத் தெரியும், கேட்கக்கூட மாட்டார்.

ஜூலை 9, செவ்வாய்

ஆட்டிசம் பற்றி லியோ கானர் என்ற மனநல டாக்டர் 1943-இல் எழுதிய முதல் கட்டுரையில் 11 குழந்தைகள். அதில் 3 பேர் பெண்கள். முதல் பட்டியலிலேயே இருந்திருக்கிறோம்! டானிக் டாக்டரிடம் சொல்ல வேண்டும் போலிருந்தது.

தமிழில் இதற்கு மதியிறுக்கம் என்று பெயராம். எனக்கு இறுக்கமாக இருப்பது யூனிஃபார்மின் காலர் மட்டும்தான்.

ஜூலை 20, சனி

இந்த மேடம் டாக்டர் இல்லை, கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட். அறையில் மின்விசிறியைக் குறைக்கட்டுமா என்று முதலில் கேட்டார். அது கிரீச்சிடுவது அவருக்கும் கேட்கிறது என்பதே எனக்குப் பெரிய ஆறுதல். சந்தன விஷயம், சிரிப்பு விஷயம் எல்லாம் சொன்னேன். அட்டையைப் பற்றியும் சொன்னேன், இருபது நிமிடம். நிறுத்தச் சொல்லவில்லை, குறித்துக்கொண்டார்.

பிறகு அம்மாவின் முறை. இப்போது இருப்பது மட்டும் போதாதாம். சின்ன வயதிலேயே அறிகுறி இருந்ததா என்று தெரிந்தாக வேண்டும், இல்லாவிட்டால் பதற்ற நோயா வேறு எதுவுமா என்று பிரித்துச் சொல்ல முடியாதாம். பேர் சொன்னால் திரும்பிப் பார்த்தாளா? நல்லாத்தான் பார்த்தா. மற்ற பிள்ளைகளோடு விளையாடினாளா? நல்லாத்தான் விளையாடினா. பதினோரு கேள்விக்கு 'நல்லாத்தான்'. எண்ணினேன்.

"பகல்ல குழந்தைய யார் பார்த்துக்கிட்டது?" என்று மேடம் கேட்டார்.

அம்மா கொஞ்சம் கழித்து, "எங்க மாமியாருங்க. நான் ஜவ்வரிசி மில்லுக்குப் போயிட்டிருந்தேன்" என்றாள்.

ஆகஸ்ட் 3, சனி, ஆடி பதினெட்டு

விடியற்காலையிலிருந்து தெருமுனையில் ஒலிபெருக்கி. காதில் பஞ்சு. ஆத்தூரில் சித்தப்பா வீட்டிலிருந்து அப்பாயி வந்திருந்தாள். அம்மா சுற்றி வளைக்காமல் கேட்டுவிட்டாள்: "அத்தை, இவ சின்னதுல எப்படி இருந்தா?"

அப்பாயி வெற்றிலைக் காம்பைக் கிள்ளிக்கொண்டே சொன்னாள். "மூணு வயசு வரைக்கும் பேர் சொல்லிக் கூப்பிட்டா திரும்ப மாட்டா. காது கேக்கலையோன்னு சோத்துத் தட்டு எடுத்துத் தட்டிக்கூடப் பார்த்தேன். ஆனா தறி நின்னா அழுவா. இவங்கப்பன் சோறு திங்க எந்திரிக்க முடியாது, அவன் எந்திரிச்சா நான் குழியில எறங்கி மிதிக்கணும்."

அப்புறம் தார்க்குச்சி, நாடாவுக்குள் வைக்க நூல் சுற்றும் குச்சி. நூல் தீர்ந்த குச்சிகளையெல்லாம் தறிக்குழி ஓரமாக வரிசை வைப்பேனாம். எல்லாம் வெள்ளை நூல் ஓடினவை. ஒன்றே ஒன்றில் மட்டும் மஞ்சள் நூல் துணுக்கு ஒட்டியிருக்கும், அது கடைசியில்தான் இருக்க வேண்டும். ஒருநாள் அப்பா அதை எடுத்துத் தார் சுற்றப் போட்டுவிட்டார். "பொழுது சாயற வரைக்கும் கத்தினா. கடைசில நான்தான் மஞ்சத்தண்ணியில நூல நனைச்சு வேறொரு குச்சில சுத்திக் குடுத்தேன். மோந்து பார்த்துட்டு வீசிட்டா."

"இதையெல்லாம் எங்கிட்டச் சொல்லவே இல்லையே அத்தை?"

"நீ மில்லுல இருந்து வர்றப்ப இருட்டிரும், புள்ள தூங்கியிருக்கும். இதுல சொல்றதுக்கு என்ன கெடக்கு?"

அம்மா எழுந்து போய் ஒரே ஒரு டம்ளரை ரொம்ப நேரம் கழுவினாள்.

ஆகஸ்ட் 10, சனி

அப்பாயியையும் கூட்டிப் போனோம். மேடத்துக்கு வெற்றிலை நீட்டினாள். அவர் வாங்கி மேசையில் வைத்துக்கொண்டார்.

ஆட்டிசத்தை அளக்க ஐ.எஸ்.ஏ.ஏ. என்று நம் நாட்டுக்கென்றே செய்த அளவுகோல் இருக்கிறது. 40 கேள்வி, ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 5 வரை. ஆக எதுவுமே இல்லாதவருக்கும் 40 வந்துவிடும். ஒன்றும் எழுதாமல் 40 கிடைக்கிற பரீட்சை இது ஒன்றுதான். 70-இலிருந்து ஆட்டிசம், 106 வரை 'லேசானது'. எனக்கு 84. யாருக்கு லேசு என்று கேட்டேன். மேடம் சிரித்தார், நான் ஒரு நொடி கழித்துச் சிரித்தேன். பிறகு, அது கிண்டல் இல்லை, உண்மையாகவே கேட்டேன் என்று சொன்னேன். "வெளியிலிருந்து பார்க்கிறவங்களுக்கு" என்றார்.

ஆகஸ்ட் 19, திங்கள்

அறிக்கை வந்துவிட்டது. ஒன்பது பக்கம். அப்பா கண்ணாடி போட்டுக்கொண்டு ஒவ்வொரு பக்கமாகப் படித்தார். மருந்து இருக்கிறதா என்றார். இதற்கென்று மருந்து கிடையாது என்றேன். மாற்றுத்திறனாளி சான்றிதழ் இதுதானா என்றார். அதற்கு அரசு மருத்துவமனையில் மருத்துவக் குழு பார்க்க வேண்டும். 1995 மாற்றுத்திறனாளிகள் சட்டத்தில் ஏழு வகைக் குறைபாடுதான், அதில் ஆட்டிசம் இல்லை. 2016 சட்டத்தில் 21 வகை, அதில் இருக்கிறது. "போகலாம், இந்தப் பாவு முடியட்டும்" என்று தறிக்குப் போனார். தறியில் ஏற்றியிருக்கும் பாவு நூல் நெய்து முடிய எத்தனை நாள் என்று எனக்குத் தெரியும், அதனால் நம்புகிறேன்.

டீச்சர் என்னை சைரனுக்கு இரண்டு நிமிடம் முன்னால் வெளியே போகச் சொல்லியிருக்கிறார்.

வீட்டில் அம்மா இன்றைக்கு ஒரு புது ஏற்பாடு செய்தாள். குக்கர் விசில் வருவதற்கு முன்னால் சமையலறையிலிருந்து "பாப்பா, விசில் வரப்போகுதூ!" என்று குரல் கொடுத்தாள். அந்தக் குரல் விசிலைவிடச் சத்தம். எதிர்வீட்டு அக்கா என்னவோ ஏதோ என்று வாசலுக்கே வந்துவிட்டார். நான் அம்மாவிடம் சொல்லவில்லை, இரண்டுக்கும் சேர்த்துக் காதைப் பொத்திக்கொண்டேன்.