மூன்று மாதத்தில் இரண்டு கண்ணாடி

போன வருஷம் ஆடி மாதம், தையல் மெஷினில் ஊசி மாற்றிவிட்டு, கண்ணாடி போடாமலேயே நூல் கோத்துவிட்டேன். நாற்பத்தி மூன்று வயதிலிருந்து கண்ணாடி இல்லாமல் எனக்கு ஊசிக் காது தெரியாது. இப்போது நாற்பத்தி எட்டு. "பார்த்தீங்களா, எனக்கு வயசு திரும்புது" என்று வீட்டுக்காரரிடம் பெருமை அடித்துக்கொண்டேன்.

அதே வாரம் சாத்தூர் பஸ் ஸ்டாண்டில் சிவகாசி பஸ் என்று நினைத்து கோவில்பட்டி பஸ்ஸில் ஏறிவிட்டேன். போர்டு எழுத்து கலங்கலாகத் தெரிந்தது. கண்ணாடிக் கடையில் பவர் பார்த்து, தூரத்துக்கு ஒரு கண்ணாடி போட்டுக் கொடுத்தார்கள். சுகர் இருக்கிறதா என்று அவர்களும் கேட்கவில்லை, எனக்கும் தோன்றவில்லை.

ராத்திரி நாலைந்து தடவை எழுந்து போவது தொடர்ந்ததும்தான் சுகர் பார்க்க ரத்தம் கொடுத்தேன். வெறும் வயிற்றிலேயே 268. மாத்திரை ஆரம்பித்து மூன்று வாரத்தில் புதுக் கண்ணாடி போட்டால் தலை சுற்றியது. ஊசிக் காது பழையபடி மறைந்துபோனது, முன்னைவிட மோசமாகவே. மறுபடி அதே கடை, இன்னொரு கண்ணாடி. அதுவும் ஒரு மாதம்தான் உழைத்தது.

மதுரையில் கண் டாக்டரம்மா கேட்டுவிட்டுச் சிரித்தார். ரத்தத்தில் சர்க்கரை ஏறும்போது கண்ணுக்குள் இருக்கும் லென்ஸ் உப்பிக்கொள்ளுமாம். அப்போது கிட்டத்தில் இருப்பது துல்லியமாகவும் தூரத்தில் இருப்பது மங்கலாகவும் தெரியும். சர்க்கரை இறங்கினால் எல்லாம் திரும்பும். அது நிலைப்படும்வரை கண்ணாடிக்குக் காசு கொடுக்காதீங்க என்றார். ஆக, எனக்குத் திரும்பியது வயசு இல்லை.

அதோடு விடவில்லை. சொட்டு மருந்து விட்டு, கண்பாப்பா விரியும்வரை உட்காரவைத்து, உள்ளே போட்டோ எடுத்தார்கள். திரையில் ஆரஞ்சு நிறத்தில் ஒரு வட்டம், கிளை கிளையாக ரத்தக் குழாய்கள். ஓரத்தில் குண்டூசித் தலை அளவில் மூன்று சிவப்புப் புள்ளி. பக்கத்தில் மஞ்சளாக ஒரு திட்டு, வெள்ளைத் துணியில் மெஷின் ஆயில் பட்ட மாதிரியே. சர்க்கரையில் நைந்துபோன குழாய் கசிந்த இடம் அது என்றார். இத்தனைக்கும் வலியோ உறுத்தலோ எதுவுமே எனக்கு இல்லை. பார்வையின் நடுப்பகுதிக்குக் கசிவு வராததால்தான் தெரியவில்லையாம். அங்கே நீர் கோத்தால் நேர்கோடு வளையும், எழுத்து நெளியும். அப்புறம் கண்ணுக்குள் ஊசி, லேசர் என்று போகும். இப்போதைக்கு எனக்கு அதெல்லாம் வேண்டாம்; சுகரையும் பிரஷரையும் கட்டுக்குள் வைத்துக்கொண்டு ஆறு மாதத்தில் வந்தால் போதும் என்றார். சுகர் இருப்பது இப்போதுதானே தெரிந்தது, அதற்குள் எப்படி என்று கேட்டேன். தெரியாமலே சில வருஷம் இருந்திருக்கும் என்றார்.

வெளியே வந்தால் வெயில் கண்ணைக் குத்தியது. சாயங்காலம்வரை செல்போனில் ஒரு எழுத்து படிக்க முடியவில்லை.

என் நாத்தனாருக்கு எட்டு வருஷமாகச் சுகர். கண்ணை ஒருமுறைகூடக் காட்டியதில்லை. "எனக்கு நல்லாத்தான் தெரியுது மதினி, போன வாரம் கண்ணாடி இல்லாமலே அரிசியில கல்லுப் பொறுக்கினேன்" என்கிறாள். அதைக் கேட்டதும்தான் எனக்கு வயிற்றைக் கலக்கியது. சனிக்கிழமை மதுரைக்குக் கூட்டிப் போகிறேன்.